வலிக்காத கால்

கிருஷ்ணகுமாரிக்கு நாக்கு நீளம் என்று தோட்டத்தில் சொல்வார்கள். நாக்கு மட்டுமா, மூக்கும் நீளம்தான். நிவித்திகலைக்கு மேலே இருக்கிற அந்த ரப்பர் தோட்டத்தில் யார் காலில் புண், யார் கையில் கத்தி வெட்டு, யார் அதை மறைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்பதெல்லாம் டிஸ்பென்சரி வாசலில் நின்றபடியே அவளுக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாகக் காயத்துக்கு மருந்து கட்டுகிறவள். டாக்டரையா மூன்று தோட்டத்துக்குப் பொதுவானவர், வாரத்தில் இரண்டு நாள் வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளில் டிஸ்பென்சரி என்றால் அவள்தான்.

பிறந்ததும் அதே தோட்டத்து நாலாம் லயத்து வரிசை வீட்டில்தான். கட்டினவர் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அந்த நாக்கோடு எவன் குடும்பம் நடத்துவான் என்று லயத்துச் சனம் அவர் பக்கமே பேசியது. அன்றிலிருந்து சனத்தை அவளுக்குப் பிடிக்காது, சனத்துக்கும் அவளைப் பிடிக்காது. புண் வந்தால் மட்டும் வேறு வழியில்லாமல் வருவார்கள்.

வந்தால் கேட்பதும் ஒரே கேள்விகள்தான். காயத்தில் தண்ணீர் படலாமா, காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறுமா, கருவாடு தின்றால் சீழ் வைக்குமா, கட்டை எத்தனை நாள் அவிழ்க்காமல் வைக்கலாம். "நாறுற வரைக்கும் வச்சிருங்க" என்பாள் கடைசிக் கேள்விக்கு. கொதித்து ஆறின தண்ணீரில் கழுவு, சுத்தமான துணியால் மூடு, கட்டு நனைந்தால் உடனே மாற்று, புண் ஆற உடம்புக்குச் சத்து வேண்டும், முட்டையும் மீனும் தின்னு. இவ்வளவையும் அவள் ஏசாமல் சொன்னதாக ஒருத்தரும் சாட்சி சொல்லமாட்டார்கள். கோஸ் துணி பத்து ரோல் எழுதி அனுப்பினால் நாலு வரும். அந்த நாலையும் அவள் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். முழங்கால் சிராய்ப்போடு வருகிற பிள்ளைகளுக்குக் குழாய்த் தண்ணீரும் ஒரு சின்ன பிளாஸ்டரும்தான். கோஸைத் திருடி டவுனில் விற்கிறாள் என்று அதற்கும் ஒரு கதை கட்டினார்கள்.

அவளுக்கு ஆகவே ஆகாதவர் ஒருத்தர் உண்டென்றால் அது முத்துவீரன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், ஐம்பத்தைந்து வயது, நல்ல வேலைக்காரர், நல்ல வாய்க்காரர். அவருடைய அண்ணன் யோகராஜுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் காலில் புண் வந்தது. சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி வேறு. புண் கறுத்துப்போன பிறகு கிருஷ்ணகுமாரிதான் த்ரீவீல் பிடித்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினாள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆறு மாசத்தில் ஆளும் போய்விட்டார். அவ கைபட்ட கால் வீடு திரும்பாது என்று எழவு வீட்டில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார் முத்துவீரன். அன்றைக்கே அவளுக்குக் காலெடுக்கிறவள் என்று பெயர் வந்தது.

அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. புண் சின்னதாக இருந்தபோதே யோகராஜ் ஒருநாள் அவளிடம் வந்திருந்தார். காயம் நிறையக் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வந்தார். வரிசையில் இருபது பேர் நின்ற நாள். மாட்டுக்குக்கூட இதைவிடப் புத்தி உண்டு, போய்க் கழுவிட்டு வா என்று அத்தனை பேருக்கு முன்னால் ஏசினாள். அவர் போனவர் போனவர்தான். இரண்டு மாசம் காலை ஒளித்து வைத்திருந்தார். அந்த ஏச்சுக்கு வெட்கப்பட்டுத்தான் ஒளித்தார் என்பது தனக்கும் செத்துப்போன யோகராஜுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். அதுவே போதுமான தண்டனையாக இருந்தது.

போன மழைக்காலத்தில் முத்துவீரனின் பெண்சாதி தங்கம்மா டிஸ்பென்சரிக்கு வந்தாள். எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு, தெரிந்த ஒருத்தருக்குப் புண் இருக்கிறது, ஒரு விஷயம் கேட்கணும் என்றாள். தெரிந்த ஒருத்தர் யார் என்று கிருஷ்ணகுமாரி கேட்கவில்லை. தங்கம்மாவின் சேலையிலேயே அந்த வாடை இருந்தது.

"அடிக்கால்ல புண்ணு. ஆனா வலியே இல்லைங்களாம். வலிக்கலன்னா ஆறுதுன்னுதானேங்க அர்த்தம்?"

"சீனி இருக்கா அந்த ஆளுக்கு?"

இருக்கிறது என்று தங்கம்மா தலையாட்டினாள். சீனிக்காரன் காலில் வலி இல்லையென்றால் புண் ஆறுவதாக அர்த்தமில்லை, கால் செத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், நாளைக்கே கூட்டிக்கொண்டு வா என்றாள் கிருஷ்ணகுமாரி. அவர் வரமாட்டார், டவுன் பார்மசியில் சிவப்பு மஞ்சள் மாத்திரை வாங்கி, உடைத்து, அந்தத் தூளைப் புண்ணில் தூவுகிறார், நான் இங்கே வந்தது தெரிந்தால் என்னை வெட்டிப்போடுவார் என்று தங்கம்மா அழ ஆரம்பித்தாள். அழுகையை நிறுத்தச் சொல்லி அவளுக்கும் ஏச்சு விழுந்தது.

அன்று பின்னேரமே கிருஷ்ணகுமாரி பஸ் பிடித்து டவுனுக்குப் போனாள். பார்மசி தாஸிம் நானா நல்ல மனுஷர்தான், ஆனால் கேட்டதைக் கொடுக்கிறவர். விழுங்குகிற மருந்தைப் புண்ணில் கொட்டுகிறான், அதற்கு நீங்களும் எண்ணி எண்ணிக் கொடுக்கிறீர்கள், உங்களுக்கென்ன பிஸ்ஸுவா, பைத்தியமா என்று கடைக்கு முன்னால் நின்று கேட்டாள். டாக்டர் துண்டு இல்லாமல் இனிமேல் கொடுப்பதில்லை என்று அவர் சொன்னபிறகுதான் படி இறங்கினாள்.

அடுத்த நாள் அவள் வாழ்க்கையில் செய்யாத ஒரு வேலையைச் செய்தாள். முத்துவீரன் போகிற வழியில் நின்று நயமாகப் பேசிப் பார்த்தாள். அண்ணே, ஒரு நிமிஷம், காலை ஒருக்காப் பார்த்துவிடலாமா என்றாள். அவர் ஏற இறங்கப் பார்த்தார். ஏசுகிற வாய் இனிக்கிறது என்றால் கத்தி தயாராக இருக்கிறது என்றுதானே அர்த்தம், என் அண்ணனைத் தின்றது போதாதா என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே காலை அழுத்தி அழுத்தி வைத்து நடந்து போனார். இனிப்பு தனக்கு ஒத்துவராது என்று அவளுக்கு அப்போதே தெளிவாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அவள் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றாள். ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடுகிற இடம் அது. அறுபது பேர் நின்றார்கள். கங்காணி பெயர் கூப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, அவள் தன் பழைய குரலிலேயே ஆரம்பித்தாள். நாறுகிற காலை ரப்பர் பூட்ஸுக்குள் ஒளித்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிற வீரன் ஒருத்தன் இங்கே நிற்கிறான் என்றாள். பெண்சாதி சேலையில்கூட அந்த நாற்றம் அடிக்கிறது, அவனுக்கு மட்டும் மூக்கு இல்லை என்றாள். களத்தில் சிலர் சிரித்தார்கள். அவரை வெட்கப்படுத்துகிறோம் என்று அவளுக்குத் தெரியும். அண்ணனை ஏசி விரட்டின அதே வாயால் தம்பியையும் ஒரேயடியாக விரட்டிவிடப் போகிறோமோ என்று பயந்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை.

"நல்ல காலுன்னா பூட்ஸக் கழட்டிக் காட்டுங்க. நான் இந்தத் தோட்டத்த விட்டே போறேன்."

முத்துவீரனுக்குக் கண் சிவந்துவிட்டது. இவள் போய்த் தொலைகிறாள் என்றால் இதோ பார் என்று தரையில் உட்கார்ந்து வலது பூட்ஸை இழுத்துக் கழற்றினார். கழற்றின வேகத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்துக் கல்லில் ஓங்கி அடித்தார். உள்ளேயிருந்து ஒரு தகரத் துண்டு விழுந்தது.

மரத்தில் அடித்துப் பாலைச் சிரட்டைக்கு இறக்குகிற தகரம். புதுசாகக் கொடுத்ததை முந்தின நாள் பையோடு வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார், பூட்ஸ் அதற்கு நேர் கீழே இருந்தது. எப்போது விழுந்ததோ, லயத்திலிருந்து களம்வரை முக்கால் மைல் அதன்மேலேயே மிதித்து நடந்து வந்திருக்கிறார். தகரத்தின் கூரான முனை முழுக்க இரத்தம். அடிக்காலில் பழைய புண்ணுக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு வாய் திறந்திருந்தது.

முத்துவீரன் தகரத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், திரும்பத் தகரத்தைப் பார்த்தார். ஏசுவதற்கு அதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைக்காது. அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"வலிக்குதா?"

"இல்ல" என்றார்.

அன்றே இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனார். அவளும் கூடவே போய், சுணங்கினால் இந்தக் காலுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று அங்கே இருந்தவர்களோடும் சிங்களத்தில் ஒரு பாட்டம் சண்டை போட்டாள். சுண்டு விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். கால் மிஞ்சியது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு விட்டபோது, ஒருநாள் விட்டு ஒருநாள் தோட்டத்திலேயே மருந்து கட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள்.

வந்தார். வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அலுமாரியைத் திறந்து பூட்டி வைத்திருந்த கோஸை எடுத்தாள். இப்படிப்பட்ட புண்ணுக்கென்றே மிச்சம் பிடித்து வைத்தது அது. முதல் இரண்டு தடவையும் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை கட்டை அவிழ்க்கும்போது, சுவரைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

"எங்கண்ணன் மொதல்ல ஒங்ககிட்டதான் வந்தாரு. காப்பித்தூளுக்கு ஏசி அனுப்பிட்டீங்க. அந்த வெக்கத்துலதான் ஒளிச்சாரு. எங்கிட்ட மட்டும் சொன்னாரு."

நாலு வருஷமாகத் தனக்கு மட்டும் தெரியும் என்று தூக்கிச் சுமந்ததை இந்த மனுஷனும் சுமந்திருக்கிறார். ஊர் முழுக்க ஏதேதோ சொல்லித் திரிந்தவர் இதை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அண்ணனுக்கு அவமானம் என்று நினைத்திருக்கலாம்.

"ஏசினேன்" என்றாள். "இன்னைக்கும் ஏசுவேன். எனக்கு வேற மாதிரிப் பேச வராது. ஏசினாலும் வாங்க."

அவர் காலை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"கட்டுங்க" என்றார்.

இப்போது அவர் மறுபடி பால் வெட்டப் போகிறார். இரண்டு பேருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது. அவளைப் பற்றி லயத்தில் யாராவது நல்லதாகச் சொன்னால் எழுந்து போய்விடுவார். ஆனால் தினம் காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில் டிஸ்பென்சரி வாசலில் நிற்பார். இரண்டு பூட்ஸையும் கழற்றி, அவள் படியில் டொக்கு டொக்கென்று தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து, திரும்பப் போட்டுக்கொண்டு போவார். மண்ணும் சருகும் படி நிறைய விழும். வாசலை நாசமாக்கிட்டுப் போறான் பாரு என்று அவள் உள்ளேயிருந்து கத்துவாள். முன்பெல்லாம் ஐந்தரை மணிக்கே வாசலைக் கூட்டிவிடுகிறவள், இப்போது அவர் வந்து தட்டிவிட்டுப் போகும்வரை விளக்குமாற்றைக் கையில் எடுப்பதில்லை.