தவிடன் ஒளிந்த பெயர்

புகையிலைத் தோட்ட வரம்பில் நின்று நாலாம் முறை "வேலாயுதம்" என்று கத்தியபோதுதான் எனக்குச் சுரீரென்று உறைத்தது. அந்தப் பெயருக்கு அவன் வரமாட்டான். அதைச் சத்தமாய்ச் சொல்லவேண்டாம் என்று அவன் தாய் எனக்கு முன்னமே சொல்லியிருந்தாள். சற்றுத் தள்ளிச் சுற்றுக்கட்டில்லாத கிணறு.

பயிற்சிக் கலாசாலையை விட்டுச் சண்டிலிப்பாய்க்கு வந்து பாலர் வகுப்பை ஏற்று மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. தோட்ட வேலைக்குப் போகும் தாய்மாருக்கு உதவியாக நாலு வயதுப் பிள்ளைகளையும் எடுப்போம் என்று பள்ளி மனேச்சரிடம் மன்றாடியவளும் நானே. பிள்ளை மனத்தைப் பற்றிக் கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தேன்.

பொன்னம்மாக்கா மகனைச் சேர்க்க வந்தவள், வரவு இடாப்பில் வேலாயுதம் என்று எழுதவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லையாம். அதனால் இவனைப் பிறந்த கையோடு பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்றதாகச் சடங்கு செய்து, தவிடன் என்றே கூப்பிட்டு வருகிறார்களாம்.

"மற்றப் பேரைச் சத்தமாய்ச் சொல்லாதேங்கோ ரீச்சர். கேக்கக் கூடாதவைக்குக் கேட்டிடும்."

நான் சிரித்தேன். இப்படிக் கூப்பிடுவது பிள்ளையைத் தாழ்த்துவது என்று சின்னப் பிரசங்கமும் செய்தேன். அவள் எதிர்த்துக் கதைக்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இடாப்பு வாசிக்கும்போதெல்லாம் அவன் அடுத்த பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிவான். "கூச்சம்" என்று கொப்பியில் குறித்தேன்.

போன கிழமை பிள்ளைகளை இலை பொறுக்க வெளியே கூட்டிப்போனேன். திரும்பி எண்ணினால் ஒன்று குறைந்தது. மற்றவர்களை அடுத்த வகுப்பில் விட்டுவிட்டு ஓடினேன். கத்தினேன். உறைத்த பிறகு "தவிடன்" என்றும் கத்திப் பார்த்தேன். என் குரலிலிருந்த பயமே அவனை வரவிடாது என்று எனக்கே தெரிந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. அசையாததில் எனக்கு ஆறுதலும் இல்லை.

அடுத்த தோட்டத்தில் நின்ற பொன்னம்மாக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, வரம்பில் குந்தி, பக்கத்தில் இருப்பவனோடு கதைப்பதுபோலச் சொன்னாள்.

"தவிடு, வா மோனை. அம்மா வந்திட்டன்."

கிணற்று விளிம்போரம் ஒரு புகையிலைச் செடி ஆடியது. அவன் எழும்பி வந்தான். ஈர மண்ணில் அவன் காலடிகள் தெரிந்தன. நான் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு செடியாகக் கிணற்றுப் பக்கம் நகர்ந்திருக்கிறான்.

"ஏன் ரீச்சருக்குக் குரல் குடுக்கேல்லை?"

"நீதானே சொன்னனி, அந்தப் பேரிலை ஆர் கூப்பிட்டாலும் ஒளிக்கச் சொல்லி."

அவள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் அவன் வரவில்லை. இனி வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே நிற்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் பாடம்பண்ணிய வசனங்களோடு முற்றத்தில் நின்றேன்.

"உங்களிலை கோவமில்லை," என்றாள். "ஆனா நீங்கள் எனக்குச் சொல்ல மட்டும்தான் செய்தனீங்கள். என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை."

அப்படியானால் இப்போது கேட்கிறேன் என்று முற்றத்திலேயே இருந்துவிட்டேன். அவள் சொன்னாள். காதைக் கசக்கினால் அவனுக்கு நித்திரை. பசி என்று சொல்லமாட்டான், அடுத்த பிள்ளையின் வாயைப் பார்ப்பான். ஆரும் சத்தம் போட்டால் அன்று முழுதும் கதைக்கமாட்டான். மூன்று கிழமை அவனை நாள்தோறும் பார்த்தவள் நான். இதில் ஒன்றும் என் கொப்பியில் இல்லை.

அவனைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன்.

"விடுறதெண்டால் நான் ஒரு நாள் காலமை வகுப்பிலை வந்து இருந்து பாக்கோணும்."

மனேச்சரிடம் அனுமதி கேட்டேன். "பள்ளிக்கூடமோ சந்தையோ, பிள்ளை?" என்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வகுப்பின் பின்பக்கத்தில் தாய்மார் இருந்து பார்க்க ஒரு பாய் விரிக்கப் போகிறேன். முதலில் பொன்னம்மாக்கா, பிறகு நாளுக்கொரு தாய். மனேச்சர் வந்து விசாரித்தால் நான் வாய் திறப்பதாக இல்லை. பாயில் இருப்பவளே அவருக்குச் சொல்லட்டும்.