அத்தையின் கருநாக்கு

இப்போதெல்லாம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் டிவியில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள். தேர்தலில் யார் ஜெயிப்பார், மழை வருமா, எந்த ஆட்டக்காரனை டீமில் எடுத்திருக்க வேண்டும், குடும்பம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு கருத்து இருக்கிறது. சொன்னதில் பாதிகூட நடப்பதில்லை. மறுநாள் அதே ஆள் இஸ்திரி போட்ட சட்டையோடு அதே நாற்காலியில் வந்து உட்காருகிறான். நேற்று என்னய்யா சொன்னாய் என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் அத்தை சொன்னதெல்லாம் நடந்தது. அதற்காகவே ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து அவள் வாயை மூடப் பார்த்தது.

நான் ஏழாவதோடு நின்றவன். கோர்வையாகச் சொல்ல வராது. நாற்பதுதான் ஆகிறது. மாட்டுத்தீவனக் கடையில் புண்ணாக்குத் தூசியும் தவிட்டுத் தூசியும் தலையில் ஏறி, வருகிறவர்கள் எல்லாம் இப்போதே 'பெரியவரே' என்கிறார்கள். என் மகள், "நீங்க ஒரு விசயத்தச் சொல்ல ஆரம்பிச்சா வத்தலக்குண்டு போறதுக்குப் பழனி வழியா போறீங்கப்பா" என்பாள். போனால் என்ன, ஊர் போய்ச் சேர்ந்தால் சரி.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா லாரியில் அடிபட்டு இறந்த பிறகு திண்டுக்கல்லில் நாகல் நகர்ப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்படி அவளுடையது. அடுப்படியில் இருந்தபடியே உலகத்தைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அவித்த முட்டையை அம்மா எனக்கு முழுசாகவும் அக்காவுக்குப் பாதியாகவும் வைத்தால், "ஏன் மதினி, பொம்பளப் பிள்ளைக்கு வயிறு பாதிதான் இருக்கா?" என்று கேட்பாள். தேர்தலுக்கு முன்னால் எங்கள் தெருவுக்குப் புதுக் குழாய் போட்டார்கள். எல்லோரும் மஞ்சள் குங்குமம் வைத்துக் குழாயைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, "ஓட்டுப் போடுற வரைக்கும்தான் இதுல தண்ணி வரும்" என்றாள். அப்படியே ஆனது. தண்ணீர் நின்றதும் பெண்கள் குடத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றுகொண்டு, "உங்க வீட்டுக் கருநாக்கு சொல்லித்தான நின்னு போச்சு" என்று அம்மாவிடம் சண்டைக்கு வந்தார்கள். குழாயை நிறுத்தினவனை விட்டுவிட்டார்கள்.

நாக்கில் கரும்புள்ளி உள்ளவர்கள் சொன்னால் பலிக்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் கெட்டது மட்டும்தான் பலிக்குமாம். நல்லது சொன்னால் பலிக்காதாம். இது என்ன கணக்கு என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. ஒரு நாள் அத்தையை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். வெற்றிலை போட்ட சிவப்புதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "அது அடிநாக்குல இருக்கும்டா, கண்ணுக்குத் தெரியாது" என்றான். நானும் நம்பிவிட்டேன்.

கிரிக்கெட்டில்தான் அவளுக்குக் கெடுபிடி அதிகம். வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. மேட்ச் அன்றைக்கு அப்பா, சித்தப்பா, தெருப்பையன்கள் என்று கூடம் நிறைந்துவிடும். அத்தை அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று எட்டிப் பார்ப்பாள். "இவன் கால நகட்டாம நின்ன எடத்துல நின்னு மட்டைய வீசுறான், போயிருவான்" என்பாள். அவன் போய்விடுவான். உடனே எல்லோரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். "வாயக் கழுவு, உள்ள போ" என்று அப்பா விரட்டுவார். எனக்கும் கோபம் கோபமாக வரும். நாடே தோற்பது எங்கள் அடுப்படியால்தான் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன். மாமா இருந்த காலத்தில் அவரோடு ரேடியோவில் கமெண்டரி கேட்டுக் கேட்டு அவளுக்கு ஆட்டம் அத்துபடி என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தோன்றியது?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். அக்கா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் பரீட்சை. அந்த நேரம் பார்த்து நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தென்னந்தோப்பு, பம்புசெட்டு, ஒரே பையன். பெண்ணைப் பார்த்துப் பிடித்தால் அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூவை வைத்துவிட்டால் முடிந்தது, அதற்கு மேல் பேச்சு இல்லை. பூ வைத்த பெண் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போகவும் கூடாது. அக்காவுக்குப் பரீட்சை எழுதி நர்சு படிக்க வேண்டும் என்று ஆசை. அவள் சாப்பிடாமல் கிடந்தாள். அப்பாவிடம் பேச அவளுக்கும் தைரியம் இல்லை, அம்மாவுக்கும் தைரியம் இல்லை.

அத்தைதான் கேட்டாள். "பரீட்ச முடியட்டும்ண்ணே. ஒரு மாசத்துல தென்னமரம் எங்கயும் ஓடிப் போயிராது."

"இந்த விசயத்துல மட்டும் ஒன் நாக்க நீட்டிராத" என்றார் அப்பா. "நாளைக்கு அவுக வந்துட்டுப் போற வரைக்கும் அடுப்படிய விட்டு வெளிய வரக் கூடாது. ஒரு வார்த்த பேசக் கூடாது."

"சரிண்ணே" என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் மேட்ச். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் புது மோட்டார் சைக்கிளில் முன்னால் வந்து இறங்கினார். சிவப்பு வண்டி. கண்ணாடியில் குஞ்சம் கட்டியிருந்தது. நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டிவியை அணைத்துவிடலாம் என்று அப்பா எழுந்தபோது மாப்பிள்ளையின் அப்பாவே தடுத்துவிட்டார். "இருக்கட்டுமுங்க, சத்தத்த மட்டும் கொறச்சு வெய்யுங்க. ஸ்கோரு எத்தனைங்க?" என்று நாற்காலியை டிவிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அந்த மனிதர் அன்றைக்குப் பெண்ணைப் பார்த்ததைவிட டிவியைப் பார்த்ததுதான் அதிகம்.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, அக்கா வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார். "படிச்சதெல்லாம் போதுமுங்க. எங்கூட்டுல வந்து ரெண்டு மாட்டப் பாத்துக்கிட்டா போதும்" என்றார். அக்கா தரையைப் பார்த்தபடி இருந்தாள். வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்து அந்தம்மா மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்தார்.

டிவியில் ஏழு விக்கெட் போயிருந்தது. பந்து வீசுகிறவன் ஒருவன் மட்டையோடு வந்து ஒரு சிக்ஸர் அடித்தான். மாப்பிள்ளையின் அப்பா தொடையைத் தட்டினார். அப்போது அடுப்படி நிலையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இன்னொண்ணும் அப்படியே தூக்குவான். அவுட்டாயிருவான்."

அடுத்த பந்தே தூக்கினான். பிடித்துவிட்டார்கள்.

இதில் என்ன மாயம் இருக்கிறது? ஒரு சிக்ஸர் அடித்த பௌலர் அடுத்த பந்தில் வேறு என்ன செய்வான்? ஆனால் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "போச்சு! எல்லாம் இந்த அத்தையாலதான்! ஏன் வாயத் தொறந்தீங்க?" என்று கத்தினேன்.

பூச்சரம் பாதி வழியில் நின்றது. "என்ன கண்ணு சொல்றே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அத்தைக்குக் கருநாக்குங்க. என்ன சொன்னாலும் நடந்துரும். கொழாயில தண்ணி வராதுன்னாங்க, வரல. மேட்சுல யாரச் சொன்னாலும் அவன் அவுட்டு. எங்க தெருவுல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க." அம்மா என் தொடையில் திருகினாள். எனக்கு ஏற்பட்ட அநியாயத்தை ஊருக்கே சொல்லிவிட்ட வேகத்தில் வலி தெரியவில்லை.

"சின்னப் பய, கிறுக்குத்தனமா எதையோ ஒளறுறாங்க" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார்.

"இல்லீங்க, அந்தம்மா சொன்ன மாதிரியேதான் அவுட்டானான்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அத்தை வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நடுக்கூடத்தில் நின்றாள். மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. வெயில் வேளையில் அடுப்படியில் கிடந்த களைப்பு என்று நினைத்தேன்.

"பையன் லச்சணமா இருக்காரு. ஒரு கொறையும் இல்ல" என்றாள். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "வண்டியில போகையில மட்டும் பாத்துப் போகச் சொல்லுங்க."

டிவியில் யாரோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தம்மா பூவை மறுபடி இலையில் வைத்து, நூலை எடுத்துச் சுற்றி, முடிச்சுப் போட்டார். "இன்னிக்கு நாளு அத்தன நல்லாயில்லீங்க. ஊருக்குப் போயிக் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்றார். மாப்பிள்ளை வாசலில் வண்டியை உதைக்கப் போனார். "அத உடு சாமி! வேன்ல ஏறு!" என்று அந்தம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேனில் தள்ளினார். சிவப்பு வண்டி சாவியோடு எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது.

வேன் தெருமுனை திரும்பியதும் அப்பா கேசரித் தட்டைத் தூக்கி எறிந்தார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. "அன்னைக்கு ஒன் வீட்டுக்காரரு வண்டியில கொடைரோட்டுக்குக் கெளம்பையில வாசப்படியில நின்னு இதே வார்த்தையத்தானடி சொன்ன! அப்பிடியே போனவருதான! அதையா இங்க வந்து சொல்லுவ?"

"ஆமாண்ணே" என்றாள் அத்தை.

மாமா எப்படி இறந்தார் என்பது எனக்குத் தெரியும். கருநாக்குப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. வண்டியில் கிளம்புகிற புருஷனைப் பார்த்து "பாத்துப் போங்க" என்று சொல்லாத பெண் இந்த ஜில்லாவில் எவள் இருக்கிறாள்? எத்தனை பேர் அப்படிக் கிளம்பிப் போய் ராத்திரி பத்திரமாக வந்து கறிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறார்கள்? அதெல்லாம் அவரவர் பெண்டாட்டி நாக்கின் புண்ணியம் என்று யாராவது சொன்னார்களா? லாரி ஓட்டினவன் குடித்திருந்தானா என்றுகூட யாரும் விசாரிக்கவில்லை.

"நாளைக்கே கீரனூருக்குப் போயிரு" என்றார் அப்பா. கீரனூரில் அவளுடைய நாத்தனார் வீடு இருந்தது. மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் அறை, பகல் முழுக்க வேலை. அங்கே போனால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"வண்டி போனதும் போறேன்ணே" என்றாள் அத்தை.

போகாமல் இருக்கச் சாக்குச் சொல்கிறாள் என்று அப்பா நினைத்தார். நானும் நினைத்தேன். திங்கட்கிழமை முழுக்க அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். வண்டியை யாரும் தொடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தபோது ஓடி வந்து இறக்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை தனியாகப் பஸ்ஸில் வந்தார். நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே வந்தார். "எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க. அம்மாதான் பயந்துக்கறாங்க. ஓட்டிக்கிட்டே போயிருவேன்" என்றார். பார்த்தால் வண்டியில் சாவி இல்லை. அம்மா தேடினாள், நான் டிவிக்கு அடியில் படுத்துத் தேடினேன். அத்தை நிலையில் சாய்ந்து நின்றாள், முந்தானை நுனியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி. "நீ பாத்தியா?" என்று அம்மா கேட்டதற்கு, "நான் பாக்கலையே மதினி" என்றாள். வெகு நேரம் தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை போய் ஒரு டெம்போவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் அத்தை இறங்கிப் போய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். டிரைவர் கையில் எதையோ வைத்து, "வீட்டுல எறக்கினப்பெறகு அவுங்க அம்மாகிட்டக் குடுங்க" என்றாள். அது சாவி என்பதை நான் பார்த்துவிட்டேன்.

அக்கா பரீட்சை எழுதினாள், நர்சு படித்தாள், வேலை பார்த்தாள். அந்த மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் முடித்து, தொப்பை வைத்து, நன்றாக இருக்கிறார். என் கடைக்கே ஒரு தடவை பருத்திக்கொட்டை வாங்க வந்தார், அதுவும் மோட்டார் சைக்கிளில். அத்தை சொன்னது பலிக்கவில்லையே என்று எங்கள் தெருவில் ஒரு ஆளாவது சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அவள் திரும்பி வந்து எங்கள் வீட்டில் இருக்கவும் இல்லை.

டெம்போ தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும் அத்தை ரோட்டிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, ஏற்கெனவே கட்டிவைத்திருந்த பையை எடுத்தாள். அக்கா ஓடி வந்து அவள் காலில் விழுந்தாள். அத்தை அவள் தலையில் கை வைத்தாள், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கல்யாணத்தைக் கெடுத்தவள் காலில் இவள் எதற்கு விழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சாவி விஷயம் அதைவிடப் பெரிய எரிச்சல். அந்தச் சிவப்பு வண்டியை விட மனசு வராமல்தான் அத்தை இரண்டு நாள் சாவியை முடிந்து வைத்துக்கொண்டு திரிந்தாள் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.