டீக்காரரின் கேரியர்

ஈஜிபுராவில் சாலையைக் கடக்கப் பயந்து, பஸ் ஏறி அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, அங்குள்ள நடைமேம்பாலத்தில் ஏறித் திரும்பி நடந்து வருகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதனாலேயே இரண்டு நாள் வேலைக்குத் தாமதம். மூன்றாவது முறை என்றால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அன்று, சைக்கிளில் ஃபிளாஸ்க் கட்டி டீ விற்பவர் சைக்கிளைத் தள்ளியபடி சாலையில் இறங்கினார். காக்கிச் சட்டை, ஒற்றைக் கடுக்கன். வண்டிகள் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

"பாக்காமயே போறீங்களேண்ணா?"

"நாம பாத்துட்டோம்னு தெரிஞ்சா அவன் நிறுத்தமாட்டான் குரு. கேரியர புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். கேரியர் நடுங்கியது. என் கைதான் என்று வெட்கப்பட்டேன். எதிர்ப்பக்கம் சேர்ந்து கையை எடுத்த பிறகும், அவர் பிடித்திருந்த ஹேண்டில்பார் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்காதவன்போல வேலைக்கு ஓடினேன்.