போகாத வியாழக்கிழமைகள்

ஓட்டல் சலவைக்கூடத்தில் ஈர விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு அந்தப் போன் வந்தது. மருத்துவமனை நர்ஸ் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரர் இன்னையோட மூணு வியாழக்கிழமையா வரலம்மா. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறார். கீமோவைத் தள்ளிப்போட்டுட்டே போகக்கூடாது."

மூன்று வாரமும் அவர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியதை அவள் பார்த்திருக்கிறாள். "ஆபரேஷன் காயம் இன்னும் ஆறணுமாம்" என்று திரும்பி வந்து சொன்னதை நம்பியும் இருக்கிறாள். கையிலிருந்த விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று கதையடித்துச் சிரிக்கவைத்தபடியே வேலையை முடித்துவிடுவார். இடது நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தபோதுகூட, "வாடகை வீட்டுல ஒரு ரூமைக் காலி பண்ணியாச்சு" என்று டாக்டரிடமே சொன்னவர். கீமோ என்ற பேச்சு வந்ததும்தான் வாயடைத்துப்போனார்.

மாலை வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "இன்னைக்கு எங்க போனீங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான்."

"நர்ஸ் போன் பண்ணாங்க."

அவர் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். மூணு வாரமும் அங்கதான்."

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் தொடர்ந்தார்.

"என் தம்பிக்குக் கீமோ போட்டப்போ பக்கத்துல நான்தானே இருந்தேன். தண்ணி குடுத்தாக்கூட வாய் எரியுதுன்னு அழுதான். 'நிறுத்தச் சொல்லுண்ணா'ன்னு கையப் புடிச்சான். நான் கேக்கல. இன்னும் ஒண்ணுதான்டா, இன்னும் ஒண்ணுதான்டான்னே சொல்லிட்டிருந்தேன். அப்படியே போயிட்டான்."

அதுவரை இருந்த கோபம் எங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்கள நான் இழுத்துட்டுப் போக மாட்டேன். இதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுவோம். கூட வரேன்."

"நான் போதும்னா போதும். 'இன்னும் ஒண்ணு'ன்னு நீ சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன்."

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். தம்பியின் நோய் வேறு, மருந்தும் வேறு என்றார். நான்கு தடவை; போட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு குறையும், உத்தரவாதம் மட்டும் கிடையாது. அவர் சரியென்று தலையாட்டினார்.

முதல் தடவைக்குப் பின் மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அவள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூடவே இருந்து, கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். இரண்டாம் தடவைக்குப் பின் காதுக்குள் ஓயாத இரைச்சல். மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவருக்கு அவள் பேசுவதே பாதிதான் கேட்டது.

"போதும்மா" என்றார்.

நாக்கு நுனி வரை வந்ததை அவள் மென்று விழுங்கினாள். "டாக்டர்கிட்ட ஒருதடவை பேசிட்டு விட்டுடலாமா?" என்று மட்டும் கேட்டாள். மருந்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அவர் வேண்டாமென்றார். அறையிலிருந்த இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவர் சொல்றபடியே விட்டுடுங்க டாக்டர்" என்றாள் அவள்.

இரைச்சல் மெல்லக் குறைந்தது. அவர் வேலைக்குத் திரும்பினார். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இரண்டு சுத்தமாக வந்தன. "நல்லவேளை, நீ வற்புறுத்தல" என்றாள் அவள் அக்கா. அவளுக்கு அது காதில் ஏறவேயில்லை.

மூன்றாம் ஸ்கேனுக்குப் பத்து நாள் இருந்தபோது, அவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருமுவதை அவள் கேட்டாள். மறுநாளும் கேட்டாள். நான்காம் நாள் காலை அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார்.

"அந்த ஸ்கேனுக்கு இன்னைக்கே போயிடலாமா?"

அவள் அடுப்பை அணைத்தாள். மருத்துவமனை எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். அவர் போனை வாங்கித் தானே பேசினார்.