அக்கறை இல்லாதவர்கள், நாற்பத்தொரு பேர்

ஆஸ்டின் டவுன் அல்போன்சாவுக்குத் தமிழ், கன்னடம், உருது மூன்றும் தண்ணீர் பட்ட பாடு. மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவளை 1998இல் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான். நகர ஓரத்து ஏரி ஒன்றால் சுற்றியிருக்கும் மக்களுக்கு என்ன பயன் என்று வீடு வீடாகக் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டும். ஒரு கேள்வி மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை: ‘இந்த ஏரியைக் காப்பாற்ற மாதம் எவ்வளவு தருவீர்கள்?’

அடுக்குமாடிக்காரர்கள் ஐம்பது, நூறு என்று பட்டென்று சொன்னார்கள். கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பாவோ அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் அவர்.

“நான் எதுக்கும்மா குடுக்கணும்? இந்தப் புல்லாலதான் எங்க வீட்ல அடுப்பே எரியுது.”

“குடுப்பீங்கன்னு வெச்சுக்குங்கண்ணா. எவ்ளோ போடட்டும்?”

“ஒண்ணும் இல்லன்னு போட்டுக்கோ.”

பூஜ்யம் போட்டாள். புல்லைப் பற்றி எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

அந்தப் படிவங்களை வைத்து நிறுவனம் எழுதிய அறிக்கை இரண்டு வருஷத்தில் பலன் தந்தது. ஏரியை மூடிப் பஸ் நிலையம் கட்டும் திட்டம் கைவிடப்பட்டது. தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள் அல்போன்சா. அடுத்த கோடையில் ஏரியைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. உள்ளே நடைபாதை, வாசலில் காவலாளி. பார்க்கப் போனவள் வேலிக்கு வெளியே கிருஷ்ணப்பாவைக் கண்டாள். அவர் கோபப்படவில்லை.

“ஒரு மாட்டை வித்துட்டேம்மா. அன்னிக்கு நீ எழுதினியே, நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?”



மறுநாள் ஆய்வை நடத்திய ஸ்ரீவித்யாவின் அறைக்குப் போனாள்.

“வேலி போடணும்னு நாம எழுதவே இல்லையே, அல்போன்சா. அறிக்கை இல்லன்னா இன்னிக்கு அங்க ஏரியே இருந்திருக்காது.”

“சரிதான் மேடம். ஆனா அவருக்கு இப்ப ஏரி இருந்தும் இல்லையே?”

ஸ்ரீவித்யா அறிக்கையை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது. பூஜ்யம் சொன்ன அத்தனை பேரும் ஒரே வரியில் இருந்தார்கள்: ‘ஏரியில் அக்கறை இல்லாதவர்கள் – 41.’

“இதை நான்தான் எழுதினேன்,” என்றாள் மெல்ல.

இருவரும் சேர்ந்து மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். ஆறு மாத அலைச்சலுக்குப் பிறகு, செவ்வாயும் வெள்ளியும் காலையில் புல் அறுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. அல்போன்சா அதைக் கையோடு கொண்டுபோய்க் கன்னடத்தில் படித்துக் காட்டினாள்.

“ரொம்ப ஒபகாரம்மா,” என்றார் கிருஷ்ணப்பா. கொஞ்சம் யோசித்துவிட்டு, “மத்த நாள் மாடு என்ன தின்னும்?” என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் கிளம்பினாள். யாரைக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. ஏரியைக் காப்பாற்றினோமா, பறித்துக்கொண்டோமா என்பதும் பஸ் ஆஸ்டின் டவுன் வந்து சேரும்வரை அவளுக்குத் தெரியவில்லை.