சலாம் பாய் ஒட்டிய ஷட்டர்

சங்ககிரி பைபாஸ் ஓரம் முப்பது வருஷமாக லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் அப்துல் சலாமுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை ஒன்று உண்டு. ரப்பர் விஷயத்தில் அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தர வேண்டியதில்லை. செருப்பு அறுந்தாலும் குழாய் ஒழுகினாலும் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிவிடுவார். மனைவி சாயிரா பானு சிரிப்பாள். ஆனாலும் அந்தச் செருப்பைத்தான் போட்டுக்கொள்வாள்.

வீட்டை ஒட்டிக் கார் ஷெட் கட்டினார். கார் வரவில்லை, பானுவின் தையல் மெஷின்தான் வந்தது. பதினைந்து வருஷம் பிறருக்குக் கூலிக்குத் தைத்தவள், இந்த ஜூனில்தான் முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு பள்ளிக்கூட ஆர்டர் பிடித்திருந்தாள். நூற்று நாற்பது வெள்ளைச் சட்டைகள், திங்கட்கிழமை காலை போய்ச் சேர வேண்டும். தைத்து முடித்து ஷெட்டிலேயே அடுக்கி வைத்திருந்தாள்.

ஞாயிறு மத்தியானமே வானம் கருத்துக்கொண்டு வந்தது. ஷட்டரின் அடி ரப்பரோ நைந்து நார்நாராகத் தொங்கியது. போன மழையில் ஷெட்டுக்குள் கணுக்கால் நனையத் தண்ணீர் வந்திருந்தது.

"ஏனுங்க, கடையில புது ரப்பர் விக்குதாம், வாங்கிப் போட்டுருங்க. சட்டை நனைஞ்சா அப்புறம் ஒருத்தரும் எனக்கு ஆர்டர் தர மாட்டாங்க."

"எனக்கே ரப்பர் விக்கிறானா? நீ போயி டீ போடு பானு."

லாரி டயருக்கு ஒட்டும் தடிமனான பட்டையை அளந்து வெட்டினார். ஷட்டரின் அடியைத் தேய்த்தார். தொழில் சுத்தம் பாருங்கள், கீழே சிமெண்டுத் தரையையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். பிறகு கைப்பழக்கத்தில் பட்டையின் இரண்டு பக்கமும் பஞ்சர் ஒட்டும் பசையான சொல்யூஷனைப் பூசி ஒட்டி, அமுக்கி வைத்தால்தான் பிடிக்கும் என்று ஷட்டரை இறக்கிப் பூட்டினார். ராத்திரி மழை வெளுத்து வாங்கியது. மனிதர் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

காலையில் சட்டைகளை ஏற்றிப் போக, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியோடு டிரைவர் நந்தகுமார் வந்து நின்றான். பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினால், அது அசையவில்லை. நந்தகுமாரும் கை கொடுத்தான். அப்போதும் அசையவில்லை.

"பாய், தரையோட சேத்து ஒட்டிப்புட்டீங்களாங்க?"

பட்டையின் இரண்டு பக்கமும் பூசியது அப்போதுதான் சலாமுக்கு நினைவு வந்தது. ஷெட்டுக்கு வேறு வாசலும் இல்லை. பானு மணியைப் பார்த்தாள், பிறகு ஷட்டரைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை. அவளுடைய முதல் ஆர்டரைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

தன் பஞ்சர் கடைக்கு ஓடி இரண்டு ஜாக்கிகளைத் தூக்கி வந்தார். இரு பக்கக் கைப்பிடிகளுக்கும் அடியில் ஒவ்வொன்றை வைத்து, அவர் ஒரு பக்கமும் நந்தகுமார் மறுபக்கமுமாக அடித்து ஏற்றினார்கள். பத்து டன் லாரியைத் தூக்கும் ஜாக்கி முனகியது. பர்ரென்று ஒரு சத்தம் கேட்டது, ஷட்டர் விடுபட்டு மேலே போனது.

பட்டை மட்டும் மேலே போகவில்லை. வாசல் நெடுக, நூல் பிடித்தது போலத் தரையிலேயே ஒட்டிக் கிடந்தது. வெளிப்பக்கம் மழைத்தண்ணீர் குளமாக நின்றது, உள்பக்கம் தூசிகூட ஈரமாகவில்லை. சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

பானு குனிந்து பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பிச்சு மேலயே ஒட்டிரட்டுமா?" என்றார் சலாம், தணிந்த குரலில்.

"அங்கயே கெடக்கட்டுங்க. அது பாட்டுக்குத் தண்ணியத் தடுக்குது."

அந்த வாரத்துக்குள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலுக்கும் அதேபோல் ஒட்டித் தரச் சொல்லி வந்தார்கள். எப்படிங்க யோசனை வந்தது என்றும் கேட்டார்கள். "எல்லாம் ஒரு கணக்குதானுங்க" என்றார் சலாம், முகம் மாறாமல். உள்ளே தையல் மெஷின் ஓடுவது நின்று, பானு சிரிப்பது வாசல்வரை கேட்டது.

இப்போதெல்லாம் காலையில் பள்ளிக்கூட வேன் கடையைத் தாண்டும்போது சலாம் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார். ஜன்னல் நிறைய வெள்ளைச் சட்டைகள். யாராவது பக்கத்தில் இருந்தால், "எல்லாம் எங்கூட்டுச் சட்டைங்க" என்பார்.