போர்வெல் பக்கம் இல்லை என்று சொன்னேன்

வள்ளூரைத் தாண்டி, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும் தூரத்தில் அந்த வயல் இருந்தது. இரண்டு ஏக்கர். கடைசி நெல்லை அறுத்தாகிவிட்டது. ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் தென்மாவட்டக்காரர் ஒருவர் அதை வாங்கியிருந்தார். கன்டெய்னர் நிறுத்த ஏற்றபடி மேடாக்கப் போகிறார். மண் கொட்டி முடியும்வரை நான் மெட்டல் டிடெக்டருடன் அங்கே பழைய காசு தேடிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்.

"எது கெடச்சாலும் கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருங்க அண்ணாச்சி. நமக்கு வம்பு வேண்டாம்."

முப்பது வருடம் பத்திரிகையில் பிழை திருத்தியவன் நான். வயலையும் அப்படித்தான் அணுகினேன். கயிறு கட்டி நீளப் பத்திகளாகப் பிரித்து, ஒரு பத்தி முடிந்ததும் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவேன். கோடு போட்ட இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. முதல் வாரத்தில் இரண்டு செப்புக்காசுகள் கிடைத்தன. பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் காலத்தவையாக இருக்கலாம். தாலுகா அலுவலகத்தில் கொடுத்தபோது, எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று தெரியாமல் அரைமணி நேரம் பேசிக்கொண்டார்கள்.

இரண்டாவது வாரம் ஒரு பெண் வரப்பில் வந்து நின்றாள். அந்த வயலில் அறுப்புக்கு வந்தவள்.

"சார், இது தங்கத்தக் கண்டுபுடிக்குமா?"

"பிடிக்கும். ஏம்மா?"

சுற்றிலும் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினாள். அதில் தாலி இல்லை. ஒரு மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தது.

"கட்டு தூக்க சொல்ல கயிறு அறுந்துகினு போயிருக்கு சார். வூட்டுக்குப் போயி தான் பாத்தேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா கூட அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மாமியா தான். லாரி ஓட்றவன் பொண்டாட்டி தாலியத் தொலைச்சான்னா அது வூட்ல வச்சிக்காது."

"எந்தப் பக்கம்?"

"போர்வெல் பக்கமா தான் இருக்கும்."

லாரிக்காரர் யார் என்று அடுத்த நாளே தெரிந்தது. வயலுக்கு மண் கொண்டுவரும் டிப்பர்களில் ஒன்றை ஓட்டுபவர் அவளுடைய கணவர்தான். மணலியில் இடித்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் கம்பியும் அதில் வரும். என்னைப் பார்த்தால் கேபினிலிருந்து தலையை நீட்டுவார்.

"இன்னா தலிவரே, புதையல் கெட்ச்சிதா? கெட்ச்சா நமக்குப் பாதி. மண்ணு நம்ளுது!"

நான் சிரிப்பேன். வரப்பில் நிற்கும் அவளும் சிரிப்பாள். கை கழுத்துக்குப் போகும்.

போர்வெல் பக்கத்துப் பத்திகளை மூன்று நாளில் முடித்தேன். ஆணி, கதிரரிவாள் முனை, சைக்கிள் செயின். தங்கம் இல்லை. மண் கொட்டும் வேலையின் மேஸ்திரி வந்து, "எந்தப் பக்கம் சார் முடிச்ச? அங்கேந்து கொட்ட ஆரம்பிக்கிறோம்" என்றார். போர்வெல் பக்கம் என்றேன். அவளிடமும் சொன்னேன்: "அங்கே இல்லைம்மா. நன்றாகப் பார்த்துவிட்டேன்." அவள் தலையாட்டினாள். அன்று மாலைக்குள் அங்கே ஆள் உயரத்துக்கு மண் ஏறிவிட்டது.

மறுநாள் மதியம் வாய்க்காலில் கை கழுவும்போது என் மெல்லிய தங்க மோதிரம் நழுவிச் சேற்றில் விழுந்தது. எங்கே விழுந்தது என்பது கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் விளையாட்டாகக் கருவியை அதன்மேல் காட்டினேன். சத்தம் இல்லை. மறுபடி காட்டினேன். இல்லை.

வயலுக்கு வந்த முதல் நாள் செய்த வேலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அறுப்புக்காரர்கள் வீசிய பாக்குப் பொட்டலங்களின் வெள்ளித்தாளுக்கெல்லாம் கருவி கத்தியதால், வெள்ளித்தாளை ஒதுக்கும்படி அமைத்திருந்தேன். செப்புக்காசுக்கு அது சரி. மெல்லிய தங்கமும் வெள்ளித்தாளும் கருவிக்கு ஒன்றுதான். அதை விவரக்குறிப்பில் படித்துமிருந்தேன். அவள் கேட்டது தங்கம் என்ற பிறகும் அமைப்பை மாற்றத் தோன்றவில்லை.

மாற்றிவிட்டு மீதிப் பத்திகளில் தேடினேன். அடிக்கொரு சத்தம். ஒவ்வொன்றையும் தோண்டினேன். எல்லாம் வெள்ளித்தாள். அவள் வந்து என்னுடன் குந்தி, தோண்டியதை மடியில் சேர்த்தாள்.

"இன்னா சார், இன்னிக்கு குப்பை பொறுக்கினுகீற?"

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். மீதி வயல் இன்னும் இருந்தது. அங்கும் கிடைக்கவில்லை என்று முடித்துவிட முடியும். ஆனால் நன்றாகப் பார்த்துவிட்டேன் என்றவன் நான். சொன்னேன்.

அவள் திரும்பி மண்மேட்டைப் பார்த்தாள். பிறகு, "அப்போ அங்க கீதுன்றியா, இல்லன்றியா?"

"தெரியாதும்மா. இருந்திருக்கலாம்."

"மெஷின் உன் கையில. உனக்கே தெர்லன்னா எப்டி?"

போர்வெல் பக்கத்து மண்மேட்டின்மேல் கருவியைக் காட்டினேன். புதைந்த கம்பிகளுக்கெல்லாம் ஓயாமல் கத்தியது. அணைத்துவிட்டேன்.

அப்போது அவளுடைய கணவரின் டிப்பர் மண்ணுடன் உள்ளே வந்தது. மேட்டை நோக்கிப் பின்னால் நகர்ந்தது. மடியிலிருந்த வெள்ளித்தாள்களை உதறிவிட்டு அவள் ஓடினாள். கேபின் படியில் ஏறி நின்று, "யோவ், நிறுத்துய்யா" என்றாள். அதற்குப் பிறகு பேசியது எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கயிற்றை வெளியே இழுத்துக் காட்டுவது மட்டும் தெரிந்தது. அவர் எஞ்சினை நிறுத்தினார்.

இறங்கி என்னிடம் வந்தார். இந்த முறை தலிவரே என்று கூப்பிடவில்லை.

"எந்தப் பக்கம் சார்?"

கை காட்டினேன். போர்வெல் குழாயின் நுனி மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது. அவர் அதையே பார்த்தார்.

"மொத லோடு நான் தான் கொட்னேன்" என்றார்.

வயலுக்கு வரும் பாதை ஒரு லாரி அகலம்தான். பின்னால் இரண்டு வண்டிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. லோடோடு சேற்று வயலில் திரும்பினால் சக்கரம் புதைந்துவிடும்; மேட்டில் இறக்கினால்தான் இவர் அவற்றுக்கு வழி விட முடியும். மனைவியைப் படியிலிருந்து கை கொடுத்து இறக்கிவிட்டு ஏறினார். தொட்டி மெதுவாக உயர்ந்தது.

நாங்கள் இருவரும் ஒதுங்கி நின்றோம். புழுதி அடங்கியபோது குழாயின் நுனியும் தெரியவில்லை.